வாளி எந்த இடத்தில் பாரமாகிறது?

வகுப்பறைக் கடிதங்கள்

1985இல் நியமனம் கிடைத்து 2022இல் ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியை நான். இடையில் ஆறு வருடம் ஆசிரிய ஆலோசகராகவும் இருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போனைப் பற்றியும் திரையைப் பற்றியும் குழுவேலையைப் பற்றியும்தான். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. சிலவற்றுக்கு நீளமாகவும் சிலவற்றுக்கு இரண்டு வரியிலும் பதில் எழுதியிருக்கிறேன்.

*

கேள்வி: எங்கள் பாடசாலைக்கு வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் ஒரு ஸ்மார்ட் போர்ட் வாங்கித் தந்தார்கள். தரம் 10க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இரவிரவாக ஸ்லைட் செய்து கொண்டுபோய்ப் போடுகிறேன். பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்த்து கொப்பியில் எழுதுகிறார்கள். தவணைப் பரீட்சையில் ஒரு மாற்றமும் இல்லை. மேற்பார்வைக்கு வந்தவர் ‘மாணவர் மையமாகக் கற்பிக்கவும்’ என்று பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போய்விட்டார். எதை மாற்றுவது ரீச்சர்?
— ஓர் ஆசிரியை, வலிகாமம்

பதில்: தங்கச்சி, அந்த வரியை நானும் ஆறு வருடம் எத்தனையோ பாடசாலைகளின் பதிவுப் புத்தகங்களில் எழுதியிருக்கிறேன். எதை எப்படி மாற்றலாம் என்று கூடவே நின்று செய்து காட்டாமல் எழுதியதற்கு இப்போது வருந்துகிறேன். உங்களுக்காவது ஒரு பாடத்தை முழுதாகச் சொல்கிறேன்.

ஆலோசகர் வேலை முடிந்து திரும்ப வகுப்புக்குப் போன வருடம். தரம் 10, மேலுதைப்பு, அதாவது தண்ணீர் தனக்குள் இருக்கும் பொருளை மேலே தள்ளும் விசை. கணினியில் ஒரு செயற்பாடு வைத்திருந்தேன். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய ‘பெற்’ என்ற திட்டம் அப்படியான செயற்பாடுகளை இலவசமாகத் தருகிறது. அதைத் தொடங்கியவர் கார்ல் வீமன், பௌதிகவியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். கட்டையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் தராசின் வாசிப்பு குறைவதைத் திரையில் பார்க்கலாம். நல்ல சாமான். அன்றைக்குப் பார்த்து கரண்ட் நின்றுவிட்டது.

நாற்பது நிமிடப் பாடத்தில் பத்து நிமிடம் போய்விட்டது. எழும்பி வாருங்கோ என்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கப்பிக் கிணறு. கயிற்றைப் பிடிக்க முன்னம் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். ‘வாளியை இழுக்கிறீங்கள். எந்த இடத்தில அது பாரமாகுது?’

ஆளுக்கொரு பதில். மேலே வர வரப் பாரம் கூடும் என்றது ஒரு பிள்ளை. அடியில்தான் கூடப் பாரம், ஆழம் கூட என்றது இன்னொன்று. கயிறு நீளமாக இருக்கும்போது கயிற்றின் பாரமும் சேரும் என்று ஒரு கெட்டிக்காரி சொன்னாள். நான் சரி பிழை சொல்லவில்லை. பின்வாங்கில் இருக்கும் ஒரு பெடியன், அந்த வருடம் முழுக்க என்னோடு பத்துச் சொல் பேசியிருப்பானோ தெரியாது, அவன் சொன்னான்: ‘வாளி தண்ணிக்குள்ள நிக்கேக்க பாரமே இல்லை ரீச்சர். தண்ணியை விட்டு வெளிய வாற இடத்திலதான் டக்கெண்டு பாரமாகும்.’ அவன் விடியவில் தகப்பனோடு தோட்டத்துக்குப் போகிறவன். அவனுடைய உள்ளங்கைக்கு அது எப்பவோ தெரிந்த விசயம்.

ஒவ்வொருவராக இழுத்துப் பார்த்தார்கள். வாளியின் விளிம்பு தண்ணீரை விட்டு எழும்பத் தொடங்கியதும் முகம் மாறும். அந்த முகத்தை ஸ்லைட்டில் செய்ய முடியாது. அடுத்தநாள் விற்றராசைக் கொண்டுபோய்க் கல்லைக் கட்டித் தண்ணீருக்குள் விட்டோம். கல் வெளியில் நிற்கையில் எவ்வளவு, பாதி அமிழ்ந்தால் எவ்வளவு, முழுதும் அமிழ்ந்தால் எவ்வளவு என்று வாசித்தோம். முழுதும் அமிழ்ந்த பிறகு இன்னும் ஆழத்துக்கு விட்டால் வாசிப்பு குறையுமா என்று கேட்டேன். குறையும் என்று பாதி வகுப்பு எழுதியது. குறையவில்லை. ஏன் குறையவில்லை என்று அவர்களே தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். திரையில் அந்தக் கட்டையை மூன்றாம் நாள்தான் காட்டினேன். அப்போது அவர்கள் பார்த்த பார்வையே வேறு. ‘எண்ணெய்க்குள்ள விட்டா என்ன வரும் ரீச்சர், மாத்துங்கோ’ என்று கேட்கிறார்கள். கல்லை எண்ணெய்க்குள் விட என்னிடம் அவ்வளவு எண்ணெய் இல்லை. அந்த இடத்தில்தான் கணினி எனக்கு உதவியது.

ஆகவே நீங்கள் மாற்ற வேண்டியது செய்யும் வரிசையை மட்டும்தான். முதலில் பிள்ளை நினைத்ததைக் கொப்பியின் ஓரத்தில் பேனையால் எழுதட்டும். பிறகு பக்கத்துப் பிள்ளையோடு கதைக்கட்டும். அதன் பிறகு போர்ட்டைப் போடுங்கள். இரவிரவாகச் செய்யும் இருபது ஸ்லைட்டில் பதினைந்தை விட்டுவிடலாம். மிச்ச ஐந்தில் மூன்றில் கேள்வி மட்டும் இருக்கட்டும்.

ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிப்பிக்கும் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து இதைத்தான் செய்துவருகிறார். தான் நன்றாக விளங்கப்படுத்துகிறேன் என்று நம்பியிருந்தவர். தன் மாணவர்கள் கணக்கைச் செய்கிறார்கள், அடிப்படைக் கருத்து விளங்கவில்லை என்று ஒரு சோதனை வைத்துப் பார்த்தபோது தெரியவந்தது. அதன்பிறகு ஒரு கேள்வியும் நான்கு விடையும் கொடுத்து எல்லாரையும் தெரிவுசெய்யச் சொல்வார், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்வார், மறுபடி தெரிவுசெய்யச் சொல்வார். தெரிவைக் காட்ட அங்கே கையில் ஒரு கருவி கொடுக்கிறார்கள். நான் நான்கு நிற மட்டை வெட்டி ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்தேன். நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மட்டையைத் தூக்கினால் வகுப்பில் எத்தனை பேருக்கு விளங்கவில்லை என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ஸ்மார்ட் போர்ட் அதைச் சொல்லாது.

இன்னொன்று. கேள்வியைக் கேட்டால் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். மேரி பட் றோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தவர். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஒரு செக்கன் அளவுதான் காத்திருந்தார்கள். மூன்று செக்கனுக்கு மேல் காத்திருந்த வகுப்புகளில் பிள்ளைகளின் பதில் நீண்டது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று செக்கன் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். எனக்கு அது பழக ஒரு தவணை எடுத்தது. மனதுக்குள் ‘முருகா’ என்று மூன்று தரம் ஆறுதலாகச் சொல்லிக்கொள்வேன்.

*

கேள்வி: ரியூஷனில் ஒரு மணித்தியாலத்தில் முடிக்கும் அலகைப் பள்ளிக்கூடத்தில் குழுவேலை, செயற்திட்டம் என்று இரண்டு கிழமை இழுக்கிறார்கள். மகள் டிமைத் தாளும் மாக்கரும் வாங்கக் காசு கேட்கிறாள். சாதாரண தரத்துக்கு இன்னும் ஒரு வருடம்தான் இருக்கிறது. இதெல்லாம் பிள்ளைக்கு உதவுமா?
— ஒரு தாய், தென்மராட்சி

பதில்: உங்கள் பயம் நியாயமானது. சில இடங்களில் குழுவேலை என்ற பெயரில் நடப்பது எனக்கும் பிடிக்காது. ஐந்து பிள்ளைகளை வட்டமாக இருத்தி ஒரு டிமைத் தாளைக் கொடுத்தால், எழுத்து வடிவான பிள்ளை புத்தகத்தைப் பார்த்து எழுதும், இன்னொரு பிள்ளை பூ கீறும், மூன்று பிள்ளைகள் கதைத்துக்கொண்டு இருக்கும். பிறகு ஒருவர் எழும்பி அதை வாசிப்பார். அங்கே யாரும் யோசிக்கவில்லை.

இது எங்கிருந்து வந்தது என்றும் சொல்கிறேன். 2007இல் தரம் 6, தரம் 10 எனத் தொடங்கித் தேர்ச்சி மையப் பாடத்திட்டம் கொண்டுவந்தார்கள். ஐந்து கட்டமாகப் பாடம் நடக்க வேண்டும் என்றார்கள். பிள்ளையை ஈடுபடுத்துவது, தேடிக் கண்டறியவிடுவது, கண்டதை விளக்கச் சொல்வது, விரிவாக்குவது, மதிப்பிடுவது. எண்ணம் உயர்ந்தது. ஆனால் நாற்பது நிமிடத்துக்குள் ஐந்தையும் அடக்கவேண்டிய நிலை. அலகு முடியவில்லை என்ற பயம் ஒரு பக்கம். கடைசியில் நடுவில் இருக்கிற தேடல்தான் களவு போனது. தாளும் மாக்கரும் மிஞ்சின.

மகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ‘இண்டைக்கு உங்கட குழுவில எது சண்டையா இருந்தது?’ என்று கேளுங்கள். ‘அவள் இப்படிச் சொன்னாள், நான் அப்படியில்லை எண்டன்’ என்று பதில் வந்தால் அந்தக் குழுவேலை நல்லது, இரண்டு கிழமை போனாலும் போகட்டும். சண்டையே இல்லை, எல்லாரும் பார்த்தெழுதினோம் என்றால் ஆசிரியரைப் போய்க் காணுங்கள். கோபமாகப் போகாதீர்கள், ஐந்து பேருக்குப் பதிலாக இரண்டிரண்டு பேராக இருத்தலாமா என்று மட்டும் கேளுங்கள். இரண்டு பேர் இருக்கும் இடத்தில் ஒருவரும் ஒளிக்க முடியாது.

ரியூஷனைப் பற்றி. நான் ரியூஷனுக்கு எதிரி இல்லை. கடந்தகால வினாத்தாள் செய்து பழகுவது தேவைதான். விஞ்ஞானத்தில் 40 பல்தேர்வு வினாக்களை வேகமாகச் செய்யப் பயிற்சி வேண்டும். ஆனால் இரண்டாம் பகுதியில் தெரியாத ஒரு சந்தர்ப்பத்தைக் கொடுத்து அதில் இருந்து கேட்பார்கள். இருநூறு பேர் இருக்கும் மண்டபத்தில் மைக்கில் கேட்ட குறிப்பு அந்த இடத்தில் கைகொடுப்பதை நான் அதிகம் கண்டதில்லை.

*

கேள்வி: ரீச்சர், நான் தரம் 11. யூடியூப்பில் தமிழ் விஞ்ஞான வீடியோக்கள் பார்த்துத்தான் படிக்கிறேன். நல்லா விளங்குது. ஆனால் பேப்பர் செய்யும்போது பிழைக்குது. எனக்கு ஏன் இப்படி?
— ஒரு மாணவன், வடமராட்சி

பதில்: தம்பி, உம்முடைய கடிதம் வந்தது மிகவும் நல்லது. இதைப் பல பிள்ளைகள் சொல்லத் தெரியாமல் இருக்கிறார்கள். அனுப்பிய விடைத்தாளையும் பார்த்தேன். உமக்குப் பௌதிகம் விளங்கியிருக்கிறது. சொல்தான் மாறியிருக்கிறது.

நீர் பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் செய்தவை. அவர்களும் நாமும் ஒரே தமிழ்தான், ஆனால் கலைச்சொற்கள் வேறு. முற்றிலும் வேறான சொல் என்றால் ஆபத்தில்லை. நாம் ஒட்சிசன் என்பதை அவர்கள் ஆக்சிஜன் என்பார்கள், நம்முடைய ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை, கலம் அங்கே செல், ஆர்முடுகல் அங்கே முடுக்கம், பிரசாரணம் அங்கே சவ்வூடு பரவல். கேட்டதும் தெரிந்துவிடும். ஒரே சொல் இரண்டு இடத்திலும் இரண்டு பொருளில் வருகிறதே, அதுதான் உம்மை விழுத்தியது.

நிறையை எடும். நமக்கு நிறை என்றால் புவியீர்ப்பால் வரும் விசை, நியூற்றனில் அளப்பது. கிலோகிராமில் அளப்பது திணிவு. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் நிறை என்றால் நம்முடைய திணிவு. விசையை அவர்கள் எடை என்பார்கள். வீடியோவில் அந்த ஆசிரியர் ‘நிறை 5 கிலோகிராம்’ என்று சொல்வது அவருக்குச் சரி. நீர் அதை நம்முடைய வினாத்தாளில் எழுதினால் பிழை. உம்முடைய மூன்றாம் வினாவில் நடந்தது இதுதான்.

வேகமும் அப்படி. நாம் கதி என்பதை அவர்கள் வேகம் என்கிறார்கள், நாம் வேகம் என்பதை அவர்கள் திசைவேகம் என்கிறார்கள். வட்டப் பாதையில் ஒரே மாதிரி ஓடும் காருக்கு வேகம் மாறாது என்று எழுதியிருக்கிறீர். வீடியோத் தமிழில் அது சரி. நம்முடைய தமிழில் கதிதான் மாறாது, திசை மாறுவதால் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். அதேபோல அவர்கள் அழுத்தம் என்பது நமக்கு அமுக்கம். நமக்கு அழுத்தம் என்றால் மின்னில் வருவது, அழுத்த வித்தியாசம் என்று படிக்கிறீரே, அது.

வீடியோ பார்ப்பதை நிற்பாட்ட வேண்டாம். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரல் போடும். ஒன்றில் வீடியோவில் கேட்ட சொல், மற்றதில் நம்முடைய பாடநூலில் உள்ள சொல். நிறை, வேகம், அழுத்தம் மூன்றையும் சிவப்புப் பேனையால் எழுதும். இந்தக் கடிதத்தை வாசிக்கும் ஆசிரியர்களும், வட்ஸ்அப் குழுவில் வீடியோ இணைப்பு அனுப்பும்போது கீழே நான்கு சொல்லை மாற்றி எழுதிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் நம்முடைய பாடத்திட்டத்தை ஒட்டிய பாடங்கள் தமிழிலும் உண்டு. முதலில் அங்கே தேடிவிட்டு வெளியில் போவது நல்லது.

*

கேள்வி: நெடுந்தீவில் படிப்பிக்கிறேன். வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். சிக்னல் வரும், போகும். பயிற்சிப் பட்டறைகளில் காட்டுவதெல்லாம் இணையம் இருந்தால்தான் வேலை செய்யும். அங்கே இருந்து கேட்டுவிட்டுக் குறிகட்டுவானில் படகேறும்போது மனம் சோர்ந்துபோகிறது.
— ஓர் ஆசிரியர், தீவகம்

பதில்: தம்பி, உங்களிடம் ஒன்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். நகரத்தில் நாற்பத்தைந்து பிள்ளைகளோடு நிற்கும் ஆசிரியர் செய்ய முடியாத எத்தனையோ வேலையை உங்களால் செய்ய முடியும்.

1990களின் முதற்பாதியில், போர்க்காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் கரண்ட் இல்லை. பற்றரி வரவிடமாட்டார்கள். மண்ணெண்ணெய் மருந்து மாதிரி. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோவில் வரும் கரண்டில் றேடியோ கேட்டோம். நான் அந்தச் சைக்கிளை வகுப்புக்குக் கொண்டுபோனேன். காந்தம் சுழல மின் உண்டாகும் மின்காந்தத் தூண்டலைப் பாடநூலில் ஒரு படம் வைத்து விளங்கப்படுத்துவார்கள். என் பிள்ளைகளுக்கு அது வீட்டுச் சாமான். வேகமாகச் சுற்றினால் ஏன் வெளிச்சம் கூடுகிறது, விளக்கைப் பூட்டியதும் சுற்றுவது ஏன் கஷ்டமாகிறது என்று கேட்டார்கள். இரண்டாவது கேள்விக்கு அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. புத்தகத்தைத் தேடி வாசித்துவிட்டு இரண்டு நாளின் பின் வந்து சொன்னேன். 1995 ஒக்டோபர் 30இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்த பிறகு மாமரத்துக்குக் கீழே வகுப்பு நடத்தினோம். அங்கே கரும்பலகையும் இல்லை.

இல்லாமையைப் பெருமையாகச் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு இணையம் வேண்டும், அதைக் கேட்டு எழுதிக்கொண்டே இருங்கள். அது வரும்வரை செய்யக்கூடியதைச் சொல்கிறேன். யாழ்ப்பாணம் வரும்போது பெற் செயற்பாடுகளை உங்கள் மடிக்கணினியில் இறக்கிக்கொண்டு போங்கள், அவை இணையமின்றியும் ஓடும். கேத்திரகணிதத்துக்கு ஜியோஜிப்ரா என்ற செயலியும் அப்படித்தான்.

அப்புறம், உங்கள் தீவையே ஆய்வுகூடமாக்குங்கள். பெருக்குமரத்தின் சுற்றளவைக் கயிறு போட்டு அளக்கச் சொல்லுங்கள். கயிறு வளைந்தால் எவ்வளவு பிழை வரும் என்று யோசிக்கட்டும். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது கிணறு. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. உவர்நீரின் அடர்த்தி கூட என்பதால்தான் நமக்குக் குடிக்கத் தண்ணீர். கூட இறைத்தால் உவர் மேலே ஏறும். ஒன்பது பிள்ளைகளும் ஒன்பது கிணற்றை எடுக்கட்டும். கிழமைக்கு ஒருநாள், ஒரே நேரத்தில், கல் கட்டிய கயிற்றை விட்டுக் கிணற்றுக் கட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளக்கட்டும். உங்கள் மடிக்கணினியில் எக்செல் இருக்கும், அதற்கு இணையம் தேவையில்லை. பிள்ளைகளே எண்ணைப் பதிந்து வரைபைக் கீறட்டும். ஆவணியில் தொடங்கினால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கோடு ஏறுவதைக் காண்பார்கள். எந்தக் கிணற்றில் முதலில் ஏறுகிறது, எதில் பிந்துகிறது என்ற கேள்வி தானாக வரும். விடை உங்களுக்கும் தெரிந்திருக்காது. ஆசிரியருக்கும் விடை தெரியாத கேள்வியைப் பிள்ளைகள் பிடித்துவிட்டால் அவர்களை நிற்பாட்டுவது கஷ்டம்.

*

கேள்வி: வகுப்புக்குள் பிள்ளைகள் போன் கொண்டுவரலாமா?
— ஒரு தந்தை, யாழ்ப்பாணம்

பதில்: வேண்டாம். ஒரு பாடத்துக்குப் போன் தேவையென்றால் ஆசிரியரின் ஒரு போன் போதும். இல்லாத பிள்ளை இருக்கும் பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வகுப்பில் படிப்பு நடக்காது.

*

கேள்வி: தமிழ் படிப்பிக்கிறேன். ‘எமது ஊர்’ என்று கட்டுரை கேட்டால் ஆறு பிள்ளைகள் ஒரே மாதிரி எழுதிக்கொண்டு வருகிறார்கள். சாட்ஜிபிடி எழுதித் தருகிறதாம். திட்டினேன், அடுத்த முறை இன்னும் கெட்டித்தனமாக மாற்றி எழுதி வருகிறார்கள். இனி வீட்டுவேலையே கொடுக்காமல் விடவா?
— ஓர் ஆசிரியை, நல்லூர்

பதில்: விட வேண்டாம். கேள்வியை மாற்றுங்கள். ‘எமது ஊர்’ என்ற தலைப்புக்கு நாங்கள் படித்த காலத்திலும் அண்ணன்மாரின் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதினோம். எழில் கொஞ்சும் வயல்கள், வானுயர்ந்த கோபுரம் என்று ஊருக்கு ஊர் ஒரே கட்டுரை. இயந்திரம் 2022 கடைசியில் வந்தது. கட்டுரை அதற்கு ஐம்பது வருடம் முன்னமே இயந்திரமாகிவிட்டது.

போன வருடம் உறவினர் ஒருவரின் மகளுக்கு நான் கொடுத்த வேலை இது: ‘அம்மம்மாவிடம் போய், சின்ன வயதில் மழைக்காலத்தில் என்ன சமைத்தார்கள் என்று கேள். போனில் பதிவு செய். அதில் ஒரு நிமிடத்தை அப்படியே எழுத்தில் எழுது. அதன்பிறகு உன்னுடைய தமிழில் எழுது.’ பிள்ளை ஒடியல் கூழைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தது. அம்மம்மா ‘கூழ் காய்ச்சிற அண்டைக்கு அயலட்டை எல்லாம் பிலா இலையைக் கோலிக்கொண்டு குந்தியிருக்கும்’ என்று சொன்னதை அப்படியே எழுதி, கோலுவது என்றால் என்ன என்று தானே ஓர் இலையை மடித்துப் பார்த்து, ஈர்க்கு குத்தும் இடத்தையும் விவரித்திருந்தது. அந்தப் பந்தியை எந்தக் கருவியும் எழுதித் தராது, அது அந்த அம்மம்மாவின் வாயில்தான் இருந்தது.

இன்னொரு வழி, கருவி எழுதியதையே வகுப்புக்குக் கொண்டுபோவது. அச்சடித்துக் கொடுத்து, நம்முடைய ஊருக்குப் பொருந்தாத இடங்களைக் கோடிடச் சொல்லுங்கள். நான் கேட்டுப் பார்த்தபோது நம்முடைய பேச்சும் உணவும் வராமல், எங்கோ ஓர் ஊரின் பொதுவான தமிழாகத்தான் வந்தது. பிள்ளைகள் அதைப் பிடித்துவிடுவார்கள், பிடிப்பதில் அவர்களுக்குச் சந்தோசமும் இருக்கும். முக்கியமாக, முதல் பந்தியை வகுப்பில் உங்கள் கண்முன்னால் எழுதட்டும். மிச்சத்தை வீட்டில் எழுதினாலும், அடுத்தநாள் இரண்டு பேரைக் கூப்பிட்டு ‘இந்த வரியை ஏன் இப்படி எழுதினாய்?’ என்று தன்மையாகக் கேளுங்கள். திட்டினால் ஒளிக்கத்தான் பழகுவார்கள்.

*

கேள்வி: ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம். வெண்கட்டியோடு முப்பது வருடம் படிப்பித்தவன். இப்போது எல்லாவற்றுக்கும் செயலி என்கிறார்கள். பிள்ளைகளுக்கு என்னை விடத் தெரிகிறது. அவர்கள் முன்னால் தடுமாற வெட்கமாக இருக்கிறது. மூன்று வருடத்தை இப்படியே கடத்திவிடலாமா?
— ஓர் ஆசிரியர், கோப்பாய்

பதில்: சேர், கடத்த வேண்டாம். உங்களிடம் உள்ளதை இளம் ஆசிரியர்கள் எங்கேயும் இறக்க முடியாது.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது எனக்கு 58 வயது. போனில் கதைக்க மட்டும் தெரியும். வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்ப எனக்குக் காட்டித் தந்தது தரம் 9 பிள்ளை ஒன்று, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு. ‘அமத்திப் பிடியுங்கோ ரீச்சர், விடாதேங்கோ’ என்று சொல்லிச் சொல்லித் தந்தாள். முதல் நாள் இருபது நிமிடம் பேசி அனுப்பினேன். யாரும் முழுதாகக் கேட்கவில்லை. பிறகு மூன்று நிமிடமாகக் குறைத்தேன், கடைசியில் ஒரு கேள்வி.

காலையில் அனுப்பினால் பதில் வராது. ஏன் என்று எனக்கு ஒரு கிழமை விளங்கவில்லை. பிள்ளைகளில் கொஞ்சப் பேரிடம்தான் போன் இருந்தது. மிச்ச வீடுகளில் அது தகப்பனின் போன். அவர் வேலை முடிந்து வந்த பிறகுதான் பிள்ளையின் கைக்கு வரும். அதன்பிறகு இரவு ஏழரைக்கு அனுப்பினேன். போனே இல்லாத நான்கு பிள்ளைகளுக்குக் கேள்விகளைத் தாளில் எழுதி, சந்திக் கடையில் கொடுத்து வைத்தேன். அவர்கள் விடையை அதே கடையில் வைத்துவிட்டுப் போனார்கள். எந்த வீட்டில் என்ன இருக்கிறது, எந்தப் பிள்ளை எப்போது சும்மா இருக்கும் என்று தெரிந்திருந்ததால்தான் அதைச் செய்ய முடிந்தது. அது உங்களுக்கும் தெரியும் சேர், முப்பது வருடமாகத் தெரியும்.

வெட்கத்தைப் பற்றி. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கினார். அடுத்த வருடமே சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்தார். ஏட்டில் படித்து வளர்ந்தவர், அச்சு அந்த நாளில் மிசனரிமாரின் கருவி. அதைத் தயங்காமல் எடுத்து, சின்னப் பிள்ளைகளுக்கு எளிய வசனத்தில் படிப்படியாகப் பாடப்புத்தகம் அச்சிட்டார். பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தபடியால் கருவியை எதற்கு வாங்குவது என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது.

நீங்கள் நாளைக்கு ஒரேயொரு செயலியைத் தெரிவுசெய்யுங்கள். வகுப்பில் இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு ‘இதை எனக்குக் காட்டித் தாங்கோ’ என்று எல்லார் முன்னாலும் கேளுங்கள். நான் அப்படிக் கேட்ட பிறகு, கணக்கு விளங்காவிட்டால் கை உயர்த்தாத பிள்ளைகள் கை உயர்த்தத் தொடங்கினார்கள். தெரியாது என்று ரீச்சரே சொல்லலாம் என்றால் தாங்களும் சொல்லலாம் என்று நினைத்திருப்பார்கள்.

*

கேள்வி: பிள்ளைகளின் கொப்பியில் உள்ள விடையைப் பெரிதாக்கி எல்லாருக்கும் காட்ட ஒரு கமரா இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன். விலை கட்டுப்படியாகாது. வேறு வழி இருக்கிறதா?
— ஓர் ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: இருக்கிறது. மேசையில் புத்தகங்களை இரண்டு அடுக்காக ஓரடி உயரத்துக்கு வையுங்கள். இரண்டு அடுக்குக்கும் குறுக்கே இரண்டு அடிமட்டங்களைக் கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்து, அவற்றின்மேல் போனைத் திரை மேலே பார்க்கக் கிடத்துங்கள், பின்பக்கக் கமராவை அடிமட்டம் மறைக்காதபடி. கீழே கொப்பி. போனைப் புரொஜெக்டரோடு இணைக்கும் வயர் கடையில் கிடைக்கும், வாங்கமுன் உங்கள் போனுக்குப் பொருந்துமா என்று அங்கேயே செருகிப் பாருங்கள். யன்னல் வெளிச்சம் இடது பக்கத்தில் இருந்து விழும்படி மேசையைத் திருப்பினால் கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது. யாருடைய கொப்பியைக் காட்டுவதென்றாலும் முதலில் அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். பிழையான விடையைக் காட்டும் நாளில் பெயர் தெரியும் மட்டையை மடித்து வைத்துவிடுங்கள்.